அடுத்த ரைடுக்கு யாரை அனுப்புவது?

சென்ற மே மாதம் ஓர் இரவு. கோட்டக்குப்பத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு திடலில் கபடிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருந்தது. எங்கள் பகுதி அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. எதிரணியின் களத்தில் ஐந்து பேர். முந்தைய இரண்டு ரைடுகளிலும் எங்கள் அணியின் முதன்மை ரைடர் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே தீர வேண்டும். எடுக்காவிட்டால், போனவர் ஆட்டமிழப்பார். வர்ணனையாளர்கள் 'வாழ்வா சாவா ரைடு' என்பது இதைத்தான்.

முதன்மை ரைடர் நடுக்கோட்டை நோக்கி நடந்தார். கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் கை உயர்த்தி அவரை நிறுத்தினார். அதுவரை மூன்றே முறை ரைடுக்குப் போயிருந்த, ஒல்லியான பதினெட்டு வயதுப் பையனைப் போகச் சொன்னார். கூட்டம் கொதித்தது. என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர், மரக்காணத்தில் உப்பு வியாபாரம் செய்பவர், என் முழங்கையைத் தட்டி, "இன்னா சார் இது, ஓடற குதிரைய கட்டிப்போட்டுட்டு கன்னுக்குட்டிய அவுத்து வுடறான்?" என்றார்.

பயிற்சியாளர் செய்தது சரி என்றே எனக்கு அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. ஏன் என்று விளக்கவே இதை எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் கரும்பலகையில் எழுதிய பாடம்தான் அது. அந்தப் பாடத்தை ஒரு முறை நானே மீறியிருக்கிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆட்டத்தின் கணக்கை முதலில் பார்ப்போம். அணிக்கு ஏழு பேர். இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். ஒரு ரைடுக்கு 30 விநாடி. நாற்பது நிமிடத்தில் அணிக்குக் குறைந்தது 40 ரைடுகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நாற்பதையும் ஓர் ஆளிடமே கொடுக்க விதியில் தடையில்லை. மூன்று பேருக்குப் பங்கிடவும் தடையில்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணிக்குள் பாய்பவரை ரன்னிங் பேக் என்பார்கள். அங்கும் பயிற்சியாளர்களின் தலைவலி இதுதான்: வலுவான ஒருவரையே திரும்பத் திரும்ப ஓடவிடுவதா, குறுகிய தூரத்துக்கு ஒருவர், பந்தைப் பிடித்து ஓட இன்னொருவர் என்று பிரித்துக்கொடுப்பதா? பல அணிகள் இன்று பிரித்தே கொடுக்கின்றன. நம் ரைடர் பந்து இல்லாத ரன்னிங் பேக். ஆனால் பிடிபட்டால் அவர் களத்தை விட்டே வெளியேற வேண்டும், தன் அணி புள்ளி எடுத்து அவரை மீட்கும்வரை திரும்ப முடியாது. ஆகவே நம் பயிற்சியாளரின் சிக்கல் இன்னும் கடினமானது.

"நல்லா ஆடறவன அனுப்பு" என்ற பாமர நீதி தவறும் இடத்தை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் காட்டலாம். முதன்மை ரைடரை 15 முறை அனுப்பினால் 15 புள்ளி வருகிறது. 25 முறை அனுப்பினால் 18 புள்ளி. இரண்டாமவரை 10 முறை அனுப்பினால் 6 புள்ளி. முதலாமவரை 25 முறை அனுப்பினாலும் அவருடைய சராசரி ஒரு ரைடுக்கு 0.72, இரண்டாமவருடையது 0.6. சராசரியைப் பார்ப்பவர் முதலாமவரையே 25 முறையும் அனுப்புவார். ஆனால் அவருடைய கடைசிப் பத்து ரைடுகள் கொடுத்தவை மூன்றே புள்ளிகள். அந்தப் பத்தை இரண்டாமவரிடம் தந்திருந்தால் ஆறு வந்திருக்கும். சராசரியை நம்பியதால் மூன்று புள்ளி நஷ்டம். கபடியில் எத்தனையோ ஆட்டங்கள் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் முடிகின்றன. முதலாண்டு மாணவர்களுக்கு இறுதிநிலை விளைவு என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். முடிவெடுக்கும்போது பார்க்க வேண்டியது அடுத்த அலகு என்ன தரும் என்பதை. இதுவரை தந்தவற்றின் சராசரியை அல்ல. பிரையன் ஸ்கின்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 2010-இல் கூடைப்பந்தை வைத்து இதே வாதத்தை எழுதினார். எல்லா வண்டிகளும் குறுக்குச் சாலையிலேயே நுழைந்தால் அந்தச் சாலையே நெடுஞ்சாலையைவிட மெதுவாகிவிடும் அல்லவா, அதுபோல எல்லாப் பந்துகளும் சிறந்த வீரரிடமே போனால் அவருடைய சிறப்பே தேய்ந்துவிடும் என்பது அவருடைய உவமை.

அன்றிரவு உப்பு வியாபாரிக்கு நான் வேறு உவமை சொன்னேன். உப்பளத்தில் நன்றாக விளையும் பாத்தி ஒன்று இருக்கிறது என்பதற்காக நேற்று வாரிய பாத்தியிலேயே இன்றும் பலகையைப் போடுவீர்களா? உப்பு பூக்க நாள் வேண்டாமா? அவர் சிரித்தார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

ரைடர் ஏன் தேய்கிறார் என்பதற்கு மூச்சும் காலும் மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு ரைடிலும் அவர் எதிரணிக்குத் தன்னைப் பற்றி ஒரு பாடம் நடத்திவிட்டு வருகிறார். எந்தப் பக்கமாக இறங்குகிறார், எந்தக் காலை முன்னே வைக்கிறார், எத்தனையாவது விநாடியில் பாய்கிறார் என்பதை மூலையில் நிற்கும் தடுப்பாளர் படித்துக்கொண்டே இருக்கிறார். இருபதாவது ரைடில் அவருக்கு மனப்பாடம். ஊகிக்க முடியாதபடி கலந்து ஆடுவதே உத்தமம் என்று கணிதவழி நிறுவியவர் ஜான் வான் நாய்மன், 1928-இல். அதைக் களத்தில் சோதித்தவர் இக்னாசியோ பலாசியோஸ் வெர்தா என்ற ஸ்பானியப் பொருளாதார அறிஞர். 1,417 பெனால்டி உதைகளை ஆராய்ந்து அவர் 2003-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தேர்ந்த வீரர்கள் இடமும் வலமுமாகக் கலந்து உதைக்கிறார்கள். இரு பக்கங்களிலும் அவர்களுடைய வெற்றி விகிதம் ஏறத்தாழச் சமமாகவே இருக்கிறது. வலுவான பக்கத்துக்கே எப்போதும் உதைத்தால் கோல்காப்பாளர் அங்கேயே காத்திருப்பார். கபடியில் இரண்டாம் ரைடர் என்பவர் அந்த இன்னொரு பக்கம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. கபடியின் சிறப்பே அதில்தான் இருக்கிறது. முதன்மை ரைடர் பிடிபட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி என்பதோடு கணக்கு தீர்வதில்லை. அவர் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போயிருக்கக்கூடிய ரைடுகள் எல்லாம் போய்விடுகின்றன. மீட்பும் ஆட்டமிழந்த வரிசைப்படியே நடக்கும். அவருக்கு முன்னால் இருவர் வெளியே இருந்தால் மூன்று புள்ளி எடுத்த பிறகுதான் அவர் உள்ளே வர முடியும். இந்த வாய்ப்புச் செலவை எண்ணிப் பார்க்கும் பயிற்சியாளர் எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தே ஆளைத் தேர்வார். ஆறு அல்லது ஏழு பேர் நின்றால் போனஸ் கோடு திறந்திருக்கும். அங்கே தேவை கோட்டைக் கடந்து கால் வைத்துவிட்டுத் திரும்பும் நளினம். மூன்று அல்லது அதற்கும் குறைவானவர் நின்றால் பிடிப்பவருக்குக் கூடுதலாக ஒரு புள்ளி, சூப்பர் டேக்கிள். அங்கே வீராப்பு ஆகாது. நான்கோ ஐந்தோ பேர் நிற்கும்போது இரண்டும் இல்லை, தொட்டுத்தான் ஆக வேண்டும். இந்த வேலைகள் எல்லாவற்றிலும் ஒரே ஆள் தேர்ந்தவராக இருப்பது அரிது.

புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியது. 2017-இல் பாட்னா பைரேட்ஸ் தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையை வென்றபோது பர்தீப் நர்வால் அந்த ஒரே பருவத்தில் 369 ரைடு புள்ளிகள் எடுத்தார். ஓராள் அணி வெல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பவர்கள், அதே அணியில் இரண்டாம் ரைடராகத் தொடர்ந்து புள்ளி சேர்த்த மோனு கோயத்தை மறந்துவிடுகிறார்கள். சந்தை மறக்கவில்லை. அடுத்த ஆண்டு ஏலத்தில் அவரை ஹரியானா ஸ்டீலர்ஸ் 1.51 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்த ஏலத்தின் உச்ச விலை அது. விளைவு வேடிக்கையானது. பர்தீப் இருந்தும் பாட்னாவால் 2018-இல் பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. மோனு கோயத் சென்ற ஹரியானாவோ தன் பிரிவில் கடைசி இடம். காரணங்கள் பல இருக்கலாம். ஆனாலும் பர்தீப்பின் பக்கத்தில் ஆடும் மோனு கோயத்தும் அவர் இல்லாத இடத்தில் ஆடும் மோனு கோயத்தும் ஒரே விலைக்குரியவர்கள் அல்ல என்று சொல்லத் துணிவேன். ஒருவர் மீது பதிந்த எதிரணியின் கண்தான் இன்னொருவருக்கு வழி திறக்கிறது.

நமக்கு நெருக்கமான உதாரணம் தமிழ் தலைவாஸ். 2017-இல் லீக்குக்குள் வந்த அணி, முதல் மூன்று பருவங்களில் அஜய் தாக்கூர் என்ற பெரிய ரைடரை வைத்துக்கொண்டும் பட்டியலின் அடியிலேயே கிடந்தது. 2022-இல் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். அதுவரை லீக் காணாத தொகை. அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம்; அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அன்று நானும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்துபோனவன்தான். ஆனால் அதே பருவத்தில்தான் அந்த அணி முதன்முறையாகப் பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. அறிமுக வீரரான நரேந்தர் 240-க்கும் மேற்பட்ட ரைடு புள்ளிகள் எடுத்தார். அஜிங்க்யா பவார் மறுபக்கம் துணைநின்றார். சாகரின் தலைமையில் தடுப்பு வலுப்பெற்றது. பருவத்தின் நடுவே பயிற்சியாளராகப் பொறுப்பேற்றவர் அஷன் குமார். டிசம்பரில் யு.பி. யோத்தாஸுடன் நடந்த வெளியேற்றுச் சுற்று ஆட்டம் 36-36 எனச் சமனில் முடிந்து, டை பிரேக்கருக்குப் போனது. டை பிரேக்கரில் அணிக்கு ஐந்து ரைடுகள். ஐந்தையும் ஐந்து வேறு வேறு ஆட்கள் செய்ய வேண்டும். அதாவது நட்சத்திரத்துக்கு ஒரே முறைதான். தலைவாஸ் 6-4 என்று வென்றது. அரையிறுதியில் புனேரி பல்தானிடம் நூலிழையில் தோற்றது வேறு கதை.

மறுஆண்டு பவன் செராவத் இன்னும் பெரிய தொகைக்குத் தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போனார். 200-க்கும் மேற்பட்ட ரைடு புள்ளிகள் எடுத்தார். அணி 22 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்று கடைசி இடத்தில் நின்றது. அவருடைய ஆட்டத்தில் குறை ஏதுமில்லை. ஒரே போட்டியில் 39 ரைடு புள்ளிகள் எடுத்து 2019-இல் சாதனை படைத்தவர் அவர்.

இவ்வளவும் தெரிந்த பயிற்சியாளர்கள்கூட ஏன் மீண்டும் மீண்டும் ஒரே ஆளையே அனுப்புகிறார்கள்? பழிதான் காரணம் என்பது என் முடிவு. நட்சத்திரத்தை அனுப்பித் தோற்றால் நட்சத்திரம் தோற்றார் என்பார்கள். மற்றவரை அனுப்பித் தோற்றால் பயிற்சியாளர் தோற்றார் என்பார்கள். டேவிட் ரோமர் என்ற பொருளாதார அறிஞர் 2006-இல் அமெரிக்கக் கால்பந்தின் நான்காவது முயற்சிகளை ஆராய்ந்து, பந்தை உதைத்துவிட்டுப் பாதுகாப்பாக ஒதுங்குவதைவிடத் துணிந்து ஓடுவதே ஆதாயம் என்ற நிலையிலும் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் உதைக்கவே செய்கிறார்கள் என்று காட்டினார். வேலை போய்விடும் என்ற அச்சம் உள்ளவர்கள் உலகெங்கும் ஒரேபோல்தான் நடந்துகொள்கிறார்கள். போட்ட பணமும் கண்ணை மறைக்கிறது. அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள் வீரர் தேர்வில் முன்னிடம் தந்து எடுத்தவர்களை, அவர்களுடைய ஆட்டத்திறன் நியாயப்படுத்துவதைவிட அதிக நேரம் களத்தில் வைத்திருந்தன என்று ஸ்டாவும் ஹோங்கும் 1995-இலேயே எழுதினார்கள். எங்கள் கடற்கரையில் கோடிகள் இல்லை. ஆனால் "எங்க தெரு பையன்", "எங்க குப்பத்து பையன்" என்பதும் ஒரு முதலீடுதான். அதைத் திரும்ப எடுக்க முடியாமல் தவிக்கும் தலைவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதுவரை நான் பேசியது வெற்றி தோல்விக் கணக்கு. நம் ஊர்த் திடல்களில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. தொலைக்காட்சியில் அது தெரியாது. இங்கு ஆடும் இளைஞர்களுக்குக் கபடி ஒரு வேலைவாய்ப்பு அலுவலகம். ரயில்வே, காவல்துறை, வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் இடங்களை நம்பியே அப்பா கடலுக்குப் போக, அம்மா உப்பளத்துக்குப் போக, பிள்ளை மணலில் விழுந்து எழுகிறான். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இந்திய அணிகளில் ஆடித் தங்கத்தோடு திரும்பியபோது இந்தக் கரையோர ஊர்களிலும் பட்டாசு வெடித்தது. ஆனால் தேர்வாளர் பார்ப்பது எடுத்த புள்ளியை. புள்ளி எடுக்க ரைடு வேண்டும். ரைடைத் தருபவர் பயிற்சியாளர். அனுப்பப்படாதவன் எப்படி ஆடுவான் என்பது அவனுக்கும் தெரியாது, அவரைத் தேர்வு செய்ய வந்தவருக்கும் தெரியாது. பவன் செராவத்துக்குக் காயம் ஏற்படாமல் இருந்திருந்தால் நரேந்தருக்கு எத்தனை ரைடு கிடைத்திருக்கும்? 1994-இல் ஹிரோஷிமா சென்ற இந்திய அணியில் இடம்பெற்று, பின்னர் அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் வாழ்வைத் தழுவிய 'பைசன்' படத்தை 2025-இல் பார்த்தவர்களுக்கு, களத்துக்கு வெளியே காத்திருப்பது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இனி என் தவறு. 1996-ஆம் ஆண்டு. நான் பணியாற்றிய கல்லூரியில் விளையாட்டுக்குப் பொறுப்பாசிரியராகவும் இருந்தேன். மாவட்ட அளவிலான ஓர் இறுதிப் போட்டி. எங்கள் அணியில் அற்புதமான ரைடர் ஒருவன் இருந்தான். இதே கடற்கரைப் பையன். முற்பாதியிலேயே கால் இழுக்கிறது என்று அணித்தலைவன் வந்து சொன்னான். வேறு ஒருவனை அனுப்பட்டுமா என்று கேட்டான். "கோப்பை முக்கியம், அவனையே அனுப்பு" என்றேன். அன்று காலைதான் வகுப்பில் குறைந்து செல் விளைவு விதியை நடத்தியிருந்தேன். பிற்பாதியின் நடுவில் மூன்று பேர் அவன் மீது விழுந்தார்கள். முழங்கால் தசைநார் கிழிந்தது. கோப்பையும் கிடைக்கவில்லை. மறுமாதம் அவனுக்குக் காவல்துறை உடற்தகுதித் தேர்வு இருந்தது. அதற்கு அவனால் போக முடியவில்லை. மறுபடி போகவும் இல்லை.

மே மாத இரவில் கோட்டுக்கு வெளியே நின்று கை உயர்த்திய பயிற்சியாளர் அவர்தான். ஐம்பதை நெருங்குகிறார். பகலில் உப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறார், மாலையில் பையன்களுக்குக் கபடி கற்றுத்தருகிறார். ஊதியம் இல்லை.

ஒல்லிப் பையன் பிடிபட்டான். வலது மூலையை ஏமாற்றிவிட்டுத் திரும்பும் நேரத்தில் கணுக்காலில் பிடி விழுந்தது. இரண்டு புள்ளி பின்னடைவு. முன்னிலையில் இருந்த எதிரணி அவசரப்படாமல் முப்பது விநாடியையும் கரைத்துவிட்டுப் போனது. கடைசி ரைடுக்கு, ஒரு நிமிடம் மூச்சு வாங்கியிருந்த முதன்மை ரைடர் போனார். பையன் ஆட்டமிழந்ததால் எதிரே இப்போது ஆறு பேர். போனஸ் கோடு திறந்துவிட்டது. போனஸ் எடுத்தார். தொடுவதற்கு நீட்டிய கை எட்டவில்லை. ஒரு புள்ளியில் தோல்வி.

உப்பு வியாபாரி என்னை வெற்றிப் பார்வை பார்த்தார். அவரிடம் நான் சொன்னது: முதன்மை ரைடர் முன்னதாகவே போய்ப் பிடிபட்டிருந்தால் கடைசி ரைடுக்கு யார் இருந்திருப்பார்? முடிவு கெட்டதால் முடிவெடுத்த விதம் கெட்டது என்று ஆகாது. மழை பெய்துவிட்டது என்பதற்காக, மேகமே இல்லாத காலையில் உப்பு வாரப் போனவனை முட்டாள் என்பீர்களா? "அதெல்லாம் சரி சார், கோப்பை அவனுங்க கையிலல்ல இருக்குது" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு பயிற்சியாளர் என்னிடம் வந்தார். நடையில் அந்த இழுப்பு இன்னும் இருக்கிறது. "திட்டறாங்க சார்" என்றார்.

"பையனிடம் என்ன சொன்னாய்?"

"ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கிழம மேட்ச்ல மொத ரைடு அவனுக்குத்தான்னு மட்டும் சொன்னேன்."

திடல் ஓரத்தில் அந்தப் பையன் முதன்மை ரைடரின் காலில் ஐஸ் கட்டியை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.